லாக்அவுட் ஆன பிறகும் பேக் அழுத்தினால் பழைய பக்கம்: ப்ரௌசர் கேஷை அடக்குவது எப்படி?

3 ஜூன் 2025, மாலை 6.20 (கேள்வி)

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காகப் பல வருடம் முன்பு யாரோ எழுதிய ஜேஎஸ்பி (சர்வரில் ஓடும் ஜாவா வலைப்பக்கம்) அப்ளிகேஷன் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். வருகிறவர் லாக்இன் செய்து தன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு லாக்அவுட் செய்து எழுந்து போகிறார். அடுத்து உட்காருபவர் பேக் பட்டனை அழுத்தினால் முந்தையவரின் சர்க்கரை அளவு முதற்கொண்டு அப்படியே வருகிறது. பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளே மெட்டா டேக்கில் நோ-கேஷ் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ப்ரௌசர் எந்தப் பக்கத்தையும் கேஷ் செய்யக் கூடாது, அதாவது நகல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. என்ன வழி?

3 ஜூன், இரவு 9.40 (பதில்)

மெட்டா டேக்கைத் தூக்கிப் போடுங்கள் தம்பி. வழியில் நின்று பக்கங்களைக் கைமாற்றும் ப்ராக்ஸி சர்வர் எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்காது. இன்றைய ப்ரௌசர்களும் அந்த டேக்கைக் கண்டுகொள்வதில்லை. சர்வரிலிருந்து ரெஸ்பான்ஸ் ஹெடராக, அதாவது பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பாகப் போக வேண்டும். மூன்று வரி:

கேஷ்-கண்ட்ரோல்: நோ-கேஷ், நோ-ஸ்டோர், மஸ்ட்-ரீவேலிடேட்
ப்ராக்மா: நோ-கேஷ்
எக்ஸ்பயர்ஸ்: 0

எல்லா ஜேஎஸ்பியின் தலையிலும் செட்ஹெடர் என்ற கட்டளை வைத்து இதைப் போட்டால் வேலை முடிந்தது.

3 ஜூன், இரவு 9.55

"வேலை முடிந்தது" என்று எழுதியது கொஞ்சம் அதிகப்படி. அந்த மூன்று வரியை எல்லோரும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறோம், நானும் பத்து வருடம் அர்த்தம் தெரியாமல்தான் ஒட்டினேன். எது எதற்கு என்று எழுதிவிடுகிறேன்.

நோ-கேஷ் என்றால் கேஷ் செய்யாதே என்று பொருள் இல்லை. இந்தப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அது சொல்வது: வைத்துக்கொள், ஆனால் எடுத்துக் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டுக் கொடு. வைத்துக்கொள்ளவே கூடாது என்று சொல்வது நோ-ஸ்டோர் மட்டும்தான். மஸ்ட்-ரீவேலிடேட் என்பது, கெடு தாண்டிய பிறகு கேட்காமல் கொடுக்காதே என்பது. கெடுவே தராத இடத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

ப்ராக்மா எச்டிடிபி (ப்ரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) 1.0 காலத்து ஆள், 1996. அதுவும் ப்ரௌசர் சர்வருக்கு அனுப்பும் பக்கத்தில் இருக்க வேண்டியது. சர்வர் ப்ரௌசருக்குச் சொல்லும்போது அதற்கு என்ன பொருள் என்று எந்த விதியும் வகுக்கவில்லை. எக்ஸ்பயர்ஸும் அதே காலம்தான். கேஷ்-கண்ட்ரோல் 1997ல் எச்டிடிபி 1.1 உடன் வந்தது. இன்றைக்கு நோ-ஸ்டோர் என்ற ஒரு சொல் போதும். மற்றவை ஊர் எல்லையில் நிற்கும் பழைய கல் மாதிரி: யாரும் கும்பிடுவதில்லை, பிடுங்கிப் போடவும் யாருக்கும் தைரியம் இல்லை. என் ப்ராஜெக்ட்களில் இன்னும் நிற்கின்றன.

எந்த ஹெடரும் போடாவிட்டால்? கேஷ் ஆகாது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ப்ரௌசர் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். லாஸ்ட்-மாடிஃபைட் தேதியிலிருந்து இன்றுவரை எவ்வளவு காலமோ அதில் பத்து சதவீதம் என்பது ஆர்எஃப்சி என்ற இணைய விதி ஆவணமே உதாரணமாகச் சொல்லும் அளவு. 100 நாள் முன்பு மாற்றிய கோப்பு என்றால் 10 நாள் சும்மா வைத்திருக்கலாம். சொல்லாமல் விட்டால் அனுமதி கொடுத்ததாகத்தான் கணக்கு.

4 ஜூன், காலை 7.10

மூன்று வரியும் போட்டாச்சு, ஆனால் சில பக்கத்தில் வேலை செய்கிறது, சில பக்கத்தில் இல்லை என்கிறீர்கள். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, இதில் நான் மூன்று நாள் தூக்கம் கெட்டவன்.

எங்கே போட்டீர்கள்? ஹெடர்.ஜேஎஸ்பி என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதை மற்ற பக்கங்களில் ஜேஎஸ்பி:இன்க்ளூட் செய்கிறீர்களா? அப்படியென்றால் அந்த வரிகள் காற்றில் போய்விடும். உள்ளே இழுக்கப்படும் பக்கம் ரெஸ்பான்ஸ் ஹெடரை மாற்றக் கூடாது என்பது சர்வ்லெட் (ஜேஎஸ்பிக்கு அடியில் ஓடும் ஜாவா நிரல்) விதி. எர்ரர் வராது, லாகில் ஒரு வரி இருக்காது. சத்தமில்லாமல் விட்டுவிடும்.

என் கதை இன்னும் மோசம். ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு 2009ல் செய்த வேலை. நான் அந்த வரிகளை ஃபூட்டரில் வைத்திருந்தேன். ஏன் ஃபூட்டரில் என்று கேட்காதீர்கள், அந்தக் கோப்பு அப்போது திறந்திருந்தது. நான் வைத்தது ஜேஎஸ்பி:இன்க்ளூட் இல்லை, இன்க்ளூட் டைரக்டிவ் என்பதால் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிடும், ஆகவே வேலை செய்தது. 20 உறுப்பினர் உள்ள கிளையில் சரி. 200 பேர் உள்ள கிளையில் மட்டும் பட்டியல் பழசாகவே வரும். அந்தக் கிளையின் கம்ப்யூட்டரைக் குறை சொன்னேன், பிறகு அங்கிருந்த பையனைக் குறை சொன்னேன். காரணம் ஜேஎஸ்பியின் பஃபர். சாதாரணமாக 8 கேபி. பக்கம் அதற்குள் அடங்கினால் எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் சர்வர் அனுப்பத் தொடங்கும், ஃபூட்டரில் போட்ட ஹெடரும் கூடவே போகும். 8 கேபி தாண்டியதுமே முதல் மூட்டை கிளம்பிவிடும், ஹெடர் அதோடு போயாச்சு. அதற்கப்புறம் செட்ஹெடர் போடுவது பஸ் போன பிறகு கை காட்டுவதுதான்.

பக்கம் பக்கமாகப் போடாதீர்கள். ஒரு சர்வ்லெட் ஃபில்டர் எழுதி, பக்கத்தைத் தொடும் முன்பே ஹெடரைப் போட்டுவிட்டு உள்ளே அனுப்புங்கள். நேற்று "எல்லா ஜேஎஸ்பியின் தலையிலும்" என்று நான் எழுதியதை மறந்துவிடுங்கள்.

4 ஜூன், மதியம் 1.30

தம்பி இல்லை, தங்கை என்று இப்போதுதான் சொன்னீர்கள். மன்னிக்கவும். அனுபவத்தில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் என்பதையும் சேர்த்து மன்னிக்கவும்.

அந்தச் சங்கத்தில் நடந்த இன்னொன்று. போனில் மேலாளரிடம் "கேஷ் பிரச்சினை சார், இன்றைக்குள் சரி பண்ணிவிடுகிறேன்" என்றேன். அவர் அதை அப்படியே கணக்காளரிடம் சொல்லியிருக்கிறார். கணக்காளர் கல்லாவைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாடுகூட இல்லாமல் இரண்டு முறை நோட்டு எண்ணினாராம். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து, என்ன செய்ய. அதன்பின் அவர்களிடம் "ப்ரௌசர் ஞாபகம்" என்றுதான் சொல்வேன்.

6 ஜூன், இரவு 11.05

ஃபில்டர் போட்டதும் எல்லாப் பக்கமும் ஆமை வேகம் ஆகிவிட்டது என்கிறீர்கள். யூஆர்எல் பேட்டர்னில் ஸ்லாஷ் நட்சத்திரம் என்று வைத்தீர்கள், இல்லையா? என் தப்பு, நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படி வைத்தால் லோகோ, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றுக்கும் நோ-ஸ்டோர் போய்விடும். ஒவ்வொரு க்ளிக்குக்கும் அந்த லோகோ சர்வரிலிருந்து மறுபடி நடந்து வரும்.

நட்சத்திரம் புள்ளி ஜேஎஸ்பி, அப்புறம் உங்கள் ஆக்ஷன் யூஆர்எல்கள், இவற்றுக்கு மட்டும் ஃபில்டரைக் கட்டுங்கள். படங்களுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் நேர் எதிராகச் செய்யலாம்: ஒரு வருடம், அதாவது 31536000 விநாடி மேக்ஸ்-ஏஜ் கொடுங்கள். கோப்பு மாறினால் அதன் பெயரையே மாற்றுங்கள். பெயர் மாறினால் ப்ரௌசருக்கு அது வேறு கோப்பு, பழைய ஞாபகம் குறுக்கே வராது.

ஒருவரைக் கேஷ் செய்யாதே என்று கெஞ்சுவதும் இன்னொருவரை ஒரு வருடம் வைத்துக்கொள் என்று கெஞ்சுவதும் ஒரே அப்ளிகேஷனில்தான்.

7 ஜூன், காலை 6.50

யாரோ ஒருவர், யூஆர்எல் கடைசியில் கேள்விக்குறி போட்டு நேரத்தை ஒட்டினால் போதுமே என்று எழுதியிருக்கிறார். அஜாக்ஸில் (பக்கத்தை மாற்றாமல் பின்னணியில் சர்வரைக் கேட்பது) அந்த வித்தையை நானும் நிறையச் செய்திருக்கிறேன். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் கேஷை ஃபால்ஸ் என்று வைத்தால் அதுவும் இதைத்தான் செய்யும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு முறை வாங்கிய அஜாக்ஸ் பதிலை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதற்கு இது மருந்து. ஆனால் இது சேமிப்பதைத் தடுக்காது. வேறு வேறு பெயரில் நூறு நகல் சேமிக்க வைக்கும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு இது நேர் விரோதமான வைத்தியம்.

8 ஜூன், ஞாயிறு, காலை 10.20

இன்று நேரம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நீளமாக.

மூன்றாம் தேதி கேள்வியைத் திரும்பப் படித்தேன். அதில் கேட்டது கேஷைப் பற்றி. ஆனால் நடந்தது பேக் பட்டனில். இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் பதில் எழுதத் தொடங்கிவிட்டேன். ஒன்றில்லை.

ஒரு பக்கத்தின் நகல் மூன்று இடத்தில் இருக்கலாம். ஒன்று, ப்ரௌசர் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் கேஷ். இரண்டு, நடுவில் நிற்கும் ப்ராக்ஸி அல்லது சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்து வேகமாகக் கொடுக்கும் சர்வர்கள்). மூன்று, ப்ரௌசரின் வரலாறு, அதாவது பேக், ஃபார்வர்டு. முதல் இரண்டையும் ஹெடர் ஆளும். மூன்றாவது வேறு ஊர். 1999ல் வந்த ஆர்எஃப்சி 2616ல் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு, 13.13. பேக் என்பது பயனர் அப்போது கண்டதை மறுபடி காட்டுவதற்கு, இப்போதைய நிலையைக் காட்டுவதற்கு அல்ல என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. புத்தகத்தில் முந்தைய பக்கத்துக்குப் போனால் முந்தைய பக்கம்தானே இருக்க வேண்டும்.

பிறகு பிஎஃப்கேஷ் (பேக்-ஃபார்வர்டு கேஷ்) என்று ஒன்று வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 1.5, 2005ல். இது பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சேமிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை அப்படியே, ஜாவாஸ்கிரிப்ட் மாறிகள் உட்பட, உறைய வைத்து நினைவகத்தில் ஓரமாக வைக்கும். பேக் அழுத்தினால் உறைந்தது எழுந்து உட்காரும். சர்வருக்கு ஒரு வார்த்தை போகாது. க்ரோம் டெஸ்க்டாப்பில் இது 2021ல், 96ஆம் பதிப்பில் வந்தது. ஆகவே 2021க்கு முன்பு க்ரோமில் மட்டும் சோதித்துவிட்டு "எங்கள் சாஃப்ட்வேரில் அந்தப் பிரச்சினை இல்லை" என்று எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒருவன்.

நோ-ஸ்டோர் போட்டால் பேக்கிலும் பழசு வராது என்பது ப்ரௌசர் எழுதியவர்கள் செய்த தயவு. பொதுக் கம்ப்யூட்டரில் இப்படி நடக்கக் கூடாது என்று நினைத்து, நோ-ஸ்டோர் உள்ள பக்கத்தை உறைய வைக்காமல் விட்டார்கள். விதி அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

பொதுக் கம்ப்யூட்டர் என்றதும் ஒரு ஞாபகம். வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ப்ரௌசிங் சென்டர். தடுப்புப் பலகை வைத்த கேபின், ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய். ஒரு நாள் ஏதோ ஒரு வேலைவாய்ப்புப் பக்கத்தில் என் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பேக் ஒரு தடவை அதிகமாக அழுத்திவிட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்தவருடைய விண்ணப்பம் வந்து நிற்கிறது: போட்டோ, அப்பா பெயர், மார்க், எல்லாம். என்னைவிட நாற்பது மார்க் கூட. அவருக்கு அந்த வேலை கிடைத்ததா தெரியாது, எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர் மேல் அன்றைக்குக் கோபம் வரவில்லை. இப்போது வருகிறது, நானே அப்படி எழுதியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் குறைவாக வருகிறது.

8 ஜூன், மாலை 4.45

காலையில் எழுதியதில் ஒரு முக்கியமான வரி விட்டுப்போனது. பேக்கில் பழைய பக்கம் தெரிவது ஒரு குற்றம். அந்தப் பழைய பக்கத்தில் ஒரு லிங்க்கை அழுத்தினால் உள்ளே போக முடிகிறது என்றால் அது வேறு, அதைவிடப் பெரிய குற்றம். லாக்அவுட்டில் செஷன்.இன்வேலிடேட் (லாக்இன் செய்தவரை சர்வர் நினைவில் வைக்கும் செஷனை ரத்து செய்வது) நடக்கிறதா, ஒவ்வொரு பக்கமும் செஷனைச் சரிபார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஷ் ஹெடர் திரைச்சீலைதான், கதவுக்குப் பூட்டு செஷன்தான். முன்பு ஓரிடத்தில் லாக்அவுட் பட்டன் வெறுமனே முகப்புப் பக்கத்துக்கு லிங்க்காக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். செஷன் அரை மணி நேரம் உயிரோடு கிடக்கும்.

11 ஜூன், இரவு 9.15

சோதிக்கும்போது டெவலப்பர் டூல்ஸில் "டிசேபிள் கேஷ்" டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரை உங்களுக்கு மட்டும் எல்லாம் புதிதாக வரும். மூடினால் பழசு. "என் மெஷினில் சரியாக இருக்கிறதே" என்பதன் பிறப்பிடம் அந்த டிக்தான். நெட்வொர்க் பட்டியலில் ஹெடர் உண்மையிலேயே வருகிறதா என்று மட்டும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

13 ஜூன், மதியம் 2.00

எக்ஸெல் டவுன்லோடு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னமும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வைத்திருப்பவர் இருக்கிறாரா! வணக்கம்.

இருந்தாலும் அது நல்ல கதை. எச்டிடிபிஎஸ் மீது எக்ஸெல் அல்லது பிடிஎஃப் அனுப்பும்போது நோ-கேஷ் அல்லது நோ-ஸ்டோர் சேர்த்தால் அந்தக் கால எக்ஸ்ப்ளோரர் டவுன்லோடு செய்ய முடியவில்லை என்று கை விரித்துவிடும். ஏனென்றால் அது கோப்பை முதலில் தன் தற்காலிக ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்துதான் எக்ஸெலுக்குக் கொடுக்கும். வைக்காதே என்றால் எங்கிருந்து கொடுப்பது? சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே ப்ரௌசர் அதுதான், அதற்காகவே அதைத் திட்டினோம். 9ஆம் பதிப்பில் சரி செய்தார்கள்.

எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது வேறு: நான் எந்த ஹெடரும் போடவில்லை. ஆனாலும் டவுன்லோடு ஆகவில்லை. செக்யூரிட்டி கன்ஸ்ட்ரெயின்ட் கட்டிய, அதாவது லாக்இன் கேட்கும் பக்கங்களுக்கு அந்தக் காலத்து டாம்கேட் தானாகவே ப்ராக்மாவும் நோ-கேஷும் சேர்த்துவிடும். அதை அடக்க செக்யூர்-பேஜஸ்-வித்-ப்ராக்மா என்று ஒரு செட்டிங் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தீபாவளி விடுமுறை போயிற்று.

கேட்டவருக்குப் பதில்: அந்த டவுன்லோடு யூஆர்எல்லுக்கு மட்டும் ப்ரைவேட் என்று போடுங்கள்.

13 ஜூன், மதியம் 2.10

அதே வகை. மூன்றாம் தேதி மெட்டா டேக்கைத் திட்டினேனே, எக்ஸ்ப்ளோரர் 4, 5 காலத்தில் அது வேலை செய்யாததற்கு மைக்ரோசாஃப்ட்டே சொன்ன வைத்தியம் தெரியுமா? பஃபர் பாதி நிரம்பும்வரை பக்கம் கேஷில் போய்ச் சேராது, மேலே இருக்கும் டேக்கை ப்ரௌசர் அதற்கு முன்பே பார்த்துவிடுகிறது, அப்போது நீக்குவதற்குக் கேஷில் எதுவும் இல்லை. ஆகவே பாடி முடிந்த பிறகு, பக்கத்தின் அடியில், இன்னொரு ஹெட் வைத்து அதில் டேக்கைப் போடுங்கள் என்றார்கள். இரண்டு தலை உள்ள பக்கம். நான் வைத்திருக்கிறேன்.

17 ஜூன், இரவு 10.30

பிஎச்பிக்காரர் ஒருவர் தன் பக்கங்களில் எக்ஸ்பயர்ஸ் 1981 நவம்பர் 19, காலை 8.52 என்று வருகிறது, யாரோ ஹேக் செய்துவிட்டார்களா என்று பயந்துபோய்க் கேட்கிறார். இல்லை. செஷன் தொடங்கினால் பிஎச்பி இயல்பாகவே கேஷ் வேண்டாம் என்று ஹெடர் போடும், அதில் இறந்த காலத்துத் தேதி ஒன்று வேண்டும், இதை வைத்தார்கள். அந்தப் பகுதியை எழுதியவருடைய பிறந்தநாள் என்று சொல்வார்கள். உலகம் முழுக்க எத்தனை கோடி முறை அனுப்பப்பட்ட பிறந்தநாள்!

மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஒரு வரி. ஸ்பிரிங் செக்யூரிட்டி சேர்த்தால் அதுவே அந்த மூன்று வரியும் போட்டுவிடும், நீங்கள் ஃபில்டர் எழுத வேண்டாம். பழைய ஏஎஸ்பியில் ரெஸ்பான்ஸ்.எக்ஸ்பயர்ஸ் மைனஸ் 1. டாட்நெட்டில் செட்நோஸ்டோர்.

21 ஜூன், காலை 8.00

ப்ரைவேட் என்று 13ஆம் தேதி ஒரு சொல்லில் தாண்டிப் போனேன். அது நான் 8ஆம் தேதி சொன்ன மூன்றில் இரண்டாவது இடத்துக்கான சொல்: நடுவில் நிற்பவன் வைக்காதே, அந்தப் பயனரின் ப்ரௌசர் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் நிற்பவன் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 கிறிஸ்துமஸ் நாள் போதும். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒருவர் தன் கணக்கைத் திறந்தால் வேறொருவருடைய கணக்குப் பக்கம் வந்தது. தாக்குதல் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதைச் சமாளிக்கக் கேஷ் விதிகளை மாற்றினார்கள், அதில் ஒரு தவறு, லாக்இன் செய்தவர்களின் பக்கங்களும் கேஷ் ஆகிவிட்டன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 34,000 பேர் என்று வால்வ் நிறுவனமே பிறகு சொன்னது. பேக் பட்டனில் கசிந்தால் அடுத்த நாற்காலிக்காரர் பார்ப்பார். இதில் அடுத்த கண்டத்துக்காரர் பார்ப்பார்.

உங்கள் லேப் முன்னால் சிடிஎன் எதுவும் இல்லை என்கிறீர்கள். நாளைக்கு யாராவது "வேகமாக்குகிறேன்" என்று வந்து வைப்பார். அன்றைக்கு இந்த ஹெடர் இருக்க வேண்டும்.

21 ஜூன், காலை 8.05

இந்த முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சர்வர் சொல்லும் 301ஐப் பற்றியும் இங்கேயே அழுதுவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறான முகவரிக்கு 301 போட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் திருத்தினேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் வந்தவர்களின் ப்ரௌசர் "நிரந்தரம்" என்று நம்பி வைத்துக்கொண்டது. சர்வரைக் கேட்பதே இல்லை. திங்கள்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஹிஸ்டரியை அழிக்கச் சொன்னேன். தற்காலிகம் என்று சொல்லும் 302 போட்டிருந்தால் சனிக்கிழமை ஊருக்குப் போயிருக்கலாம்.

9 ஜூலை, இரவு 11.50

ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து வருகிறேன், ஒரு திருத்தத்தோடு.

ஜூன் 8ல் நோ-ஸ்டோர் போட்டால் பேக்கில் வராது, அது ப்ரௌசர்களின் தயவு என்று எழுதினேன். அந்தத் தயவை க்ரோம் இந்த வருடம் கொஞ்சம் இறுக்கிவிட்டது. 2025லிருந்து நோ-ஸ்டோர் உள்ள பக்கங்களையும் பிஎஃப்கேஷில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். குக்கி (சர்வர் ப்ரௌசரிடம் கொடுத்து வைக்கும் அடையாளச் சீட்டு) மாறினால், அதாவது லாக்அவுட் போல ஏதாவது நடந்தால், அந்த உறைந்த பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இதுதான் ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது.

இன்று என் பழைய அப்ளிகேஷன் ஒன்றில் சோதித்தேன். லாக்அவுட் ஆனேன், பேக் அழுத்தினேன், என் பெயரோடு பக்கம் வந்து நின்றது. ஹெடர் எல்லாம் சரி. அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்த பிறகுதான் புரிந்தது. நான் லாக்அவுட்டில் செஷன்.இன்வேலிடேட் மட்டும் செய்கிறேன். அது சர்வரில் செஷனைக் கொல்லும், ப்ரௌசரிடம் இருக்கும் ஜேசெஷன்ஐடி குக்கியைத் தொடாது. பிறகு "நன்றி, மீண்டும் வருக" என்று ஒரு வெறும் எச்டிஎம்எல் பக்கத்துக்கு அனுப்புகிறேன். அது புது செஷன் தொடங்காது, ஆகவே புதுக் குக்கியும் வராது. க்ரோமின் கண்ணில் எதுவுமே நடக்கவில்லை. அதுவே லாக்இன்.ஜேஎஸ்பிக்கு அனுப்பியிருந்தால் ஜேஎஸ்பி இயல்பாகப் புது செஷன் திறந்து புதுக் குக்கி கொடுத்திருக்கும், பக்கமும் எறியப்பட்டிருக்கும். மரியாதைக்கு ஒரு நன்றிப் பக்கம் வைத்ததற்குக் கிடைத்த பலன்.

செய்ய வேண்டியது: லாக்அவுட்டில் அந்தக் குக்கியை அதே பாத், மேக்ஸ்-ஏஜ் 0 என்று திருப்பி அனுப்பி அழியுங்கள். பாத் மாறினால் அழியாது, வேறு குக்கி என்று எடுத்துக்கொள்ளும். கூடவே கிளியர்-சைட்-டேட்டா என்று ஒரு ஹெடர் உண்டு, கேஷையும் குக்கியையும் துடைக்கச் சொல்லும். எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும்தான் மதிப்பார்கள். இன்னும் பயம் இருந்தால் பக்கத்தில் பேஜ்ஷோ நிகழ்வைக் கேட்டு, பெர்சிஸ்டட் ட்ரூ என்று வந்தால் ரீலோடு செய்யச் சொல்லுங்கள். உறைந்த பக்கம் எழுந்தவுடன் சர்வரிடம் ஓடும், சர்வர் லாக்இன் பக்கத்தைக் காட்டும். ஒரு கணம் பழைய பக்கம் மின்னி மறையலாம், அதையும் சகிக்க மாட்டேன் என்றால் பேஜ்ஹைட் நிகழ்வில் ரிப்போர்ட் பகுதியை மறைத்துவிட்டுப் போங்கள்.

10 ஜூலை, காலை 7.30

உங்கள் லாக்அவுட்டும் ஒரு எச்டிஎம்எல் நன்றிப் பக்கத்துக்குத்தான் போகிறதா! அதில் ரோஜாப்பூ படம் வேறா. என்னுடையதில் கைகூப்பும் படம்.

2 ஆகஸ்ட், இரவு 8.40

ரிப்போர்ட் பக்கம் மூன்று ப்ரௌசரிலும் சரியாகிவிட்டது என்று படித்தேன், சந்தோஷம். ஆனால் பில்லிங் கவுன்டரில் ஒரே நோயாளிக்கு இரண்டு பில் விழுகிறது என்று புதுப் புகார் வந்திருக்கிறது, இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று கேட்கிறீர்கள்.

இருக்கிறது. இங்கேதான் நான் ஜூன் 4ஆம் தேதி சொன்ன கதையின் மறுபாதியைச் சொல்ல வேண்டும், வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

முன்பு கவுன்டரில் இருப்பவர் பில் போட்டு, எங்கோ போய், பேக் அழுத்தினால் அந்த பில் பக்கம் நகலிலிருந்து வந்தது. சர்வருக்குத் தெரியாது, தொல்லை இல்லை. இப்போது நோ-ஸ்டோர். ப்ரௌசரிடம் நகல் இல்லை. அந்தப் பக்கம் ஒரு போஸ்ட்டின் (படிவத்தை சர்வருக்கு அனுப்புவதன்) பதில் என்பதால், படிவத்தை மறுபடி அனுப்பட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் சரி என்பார். இன்னொரு பில்.

சங்கத்தில் இதே கதை. ஹெடர் போட்ட வாரம் தவணை ரசீதுகள் இரட்டையாக விழுந்தன. கணக்கில் இரண்டு ரசீது, கல்லாவில் ஒரு தவணைப் பணம். சாயங்காலம் எண்ணினால் குறைகிறது. கணக்காளர் நோட்டை இரண்டு முறை எண்ணியது சும்மா இல்லை, அவருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. மேலாளர் "கேஷ் பிரச்சினையாம்" என்றதும் அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். நான்தான் பதினாறு வருடமாக அவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்து பழசுதான். பில் பதிவானதும் அந்தப் பதிலிலேயே பக்கத்தைக் காட்டாதீர்கள். 303 அல்லது 302 கொடுத்து பில் எண்ணோடு ஒரு கெட் (வெறுமனே பக்கத்தைக் கேட்கும்) யூஆர்எல்லுக்கு அனுப்புங்கள், அங்கே காட்டுங்கள். பேக் வந்தாலும் ரீலோடு செய்தாலும் காட்டுவது மட்டும் நடக்கும், பதிவு நடக்காது. இரட்டைக் க்ளிக்குக்காகப் படிவத்தில் ஒரு முறை மட்டும் செல்லும் டோக்கன் ஒன்றும் வையுங்கள். இதே வேலையை ஐபோனில் சோதிப்பவர்களுக்கு: போஸ்ட் கேஷ் ஆகாது என்று கண்ணை மூடி நம்ப வேண்டாம், 2012ல் ஐஓஎஸ் 6 அதையும் செய்து காட்டியது. அங்கும் ஹெடர் இருக்கட்டும்.

3 ஆகஸ்ட், காலை 9.10

பில்லிங்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் கவுன்டரில் பேக் அழுத்த வேண்டாம் என்று ஒரு தாள் ஒட்டிவிடுவோம் என்று உங்கள் மேலாளர் சொல்லியிருக்கிறார். தாள் ஒட்டட்டும். நானும் ஒட்டினேன். மானிட்டரின் மேல் ஓரத்தில், செல்லோடேப் போட்டு. ஒரு மாதத்தில் அதன் மேல் யாரோ அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள்.